பேட்ஜைக் கடைசியில் பாருங்கள்

மதுரை ரயில்வே காலனியில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், பரணில் ஏதோ டிரம் கிடக்கிறதாம் என்று கீபோர்டு வாசிக்கும் நண்பர் போன் செய்தார். நான் அப்போது திருமங்கலத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து செட்டைப் பிரித்து உறைகளில் போட்டுக்கொண்டிருந்தேன். மணி இரவு பதினொன்றரை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவருடைய அப்பா ரயில் இன்ஜின் டிரைவர். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடன இரவு நடக்கும்போதெல்லாம் டிரம்ஸ் வாசித்தவர். மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், ஜனவரியில் இவரும் அங்கே போகிறார். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள்.

பழைய கம்பளியில் சுற்றிச் சணல் கட்டி வைத்திருந்த ஒரு உருண்டையைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள். பிரித்தால் 14 அங்குல ஸ்னேர் டிரம், அதாவது அடித்தோலில் கம்பிகள் உரசிச் சரசரக்கும் டிரம். மேல்தோல் கிழிந்திருந்தது. ஸ்னேர் கம்பிகளில் பாதி இல்லை. ஒரு காலத்தில் முத்து வெள்ளையாக இருந்த மேலுறை பழைய பேப்பர் நிறத்துக்கு வந்திருந்தது. கம்பெனி பெயர் போட்ட பேட்ஜ் இல்லை, அது இருந்த இடத்தில் ஒரு துளை மட்டும். நான் அதைத் துடைக்கவில்லை, தூசியை ஊதக்கூட இல்லை. அப்படியே மறுபடி கம்பளியில் சுற்றினேன்.

அந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு டிரம்மை நான் என் கையாலேயே கெடுத்தேன்.

முதலில் அப்பாவோடு பேண்டு செட்டில் சைடு டிரம் அடித்தேன், 1994 முதல் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ். அந்தக் காலத்தில் எங்கள் கைக்குக் கிடைத்ததெல்லாம் வடக்கே மீரட், ஜலந்தர் பக்கம் செய்து வந்த இரும்புத் தகட்டு டிரம்கள்தான். பேண்டு வாத்தியங்களுக்கு மீரட்டின் ஜலி கோட்டி பெயர்பெற்ற இடம். நாள் முழுக்க வெயிலில் அடித்தாலும் தாங்கும் டிரம்கள் அவை. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவற்றால்தான். ஆனால் ஒருமுறை வெளியூர் கச்சேரியில் இன்னொரு குழுவின் பழைய வெளிநாட்டு ஸ்னேரில் நாலு அடி அடித்துப் பார்த்தேன். மெதுவாகத் தொட்டாலே கம்பி பேசியது. அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

முதலில் சிக்கியது காரைக்குடியில். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு கடையின் பின்கட்டில் கயிறு கட்டி இழுக்கும் பழைய ராணுவ சைடு டிரம், பித்தளை உடல். மேலே சிவப்பும் நீலமுமாக ஏதோ பெயின்ட், பாதி உதிர்ந்திருந்தது. 4,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் தின்னர் ஊற்றி அந்தப் பெயின்ட்டைத் துடைத்தெடுத்தேன், பிறகு அம்மா குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் தன் சின்னத்தையும், தான் பங்கெடுத்த போர்களின் பெயர்களையும் சைடு டிரம்மின் உடலில் வரைந்து வைக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் துடைத்தபோது ஒரு கிரீடத்தின் பாதியும் அதன் கீழே நாலைந்து எழுத்துகளும் இருந்தன. அவை என்ன எழுத்துகள் என்று இன்றைக்கு எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. அந்த டிரம் எந்தப் படைப்பிரிவுடையது என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சி அதுதான். அதை நான் பழைய பனியன் துணியில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

அதனால் இப்போது என் வீட்டில் ஒரு விதி உண்டு. எந்த டிரம் வந்தாலும் ஒரு மாதத்துக்குத் துணி, எண்ணெய், பிராசோ எதுவும் அதன் பக்கம் போகாது. முதல் வேலை பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுப்பது: வெளியே, உள்ளே, ஒவ்வொரு துளை, ஒவ்வொரு திருகின் தலை, தோலுக்கு அடியில் இருக்கும் ஓரம் எல்லாம்.

இரண்டாவது பாடத்துக்கு 22,000 ரூபாய் ஆனது. 2009-ல் வேறு ஊர்க்காரர் ஒருவர் அமெரிக்க லுட்விக் கம்பெனியின் சூப்ராஃபோனிக் என்று சொல்லி ஒரு ஸ்னேரைக் கொடுத்தார். மேலே அகலமாக, கீழே குறுகி, 1960களின் லுட்விக் டிரம்களில் வருமே அந்த வடிவ பேட்ஜ், சீரியல் நம்பரோடு. அதைப் பார்த்த கணத்தில் எனக்குக் கை நடுங்கியது, வேறு எதையும் பார்க்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து, ஒரு ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் டிரம்மை மேசை மேல் வைத்தேன். பக்கத்தில் கழற்றி வைத்திருந்த ஸ்பீக்கர் காந்தம் டக்கென்று அதன் உடலில் ஒட்டிக்கொண்டது.

சூப்ராஃபோனிக்கின் உடல் அலுமினியக் கலவை. 1960களின் தொடக்கத்தில் முதலில் வந்தவை குரோம் பூசிய பித்தளை, 1963-64 வாக்கில் அலுமினியத்துக்கு மாறினார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. என்னுடையது இரும்பு. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தகட்டை வளைத்துப் பற்றவைத்த கோடு மேலிருந்து கீழ்வரை ஓடியது. அசலில் இணைப்புக் கோடே இருக்காது. பேட்ஜ் பழையதுதான், ஆனால் அதைப் பிடித்திருந்த ஐலெட் புத்தம் புதிது. செருப்புத் தைப்பவர்கள் அடிப்பார்களே, அதே மாதிரி ஒரு வளையம்தான் பேட்ஜைத் தாங்குகிறது. ஐந்து நிமிடத்தில் ஒன்றைக் கழற்றி வேறு டிரம்மில் அடித்துவிடலாம்.

அதற்குப் பிறகு நான் டிரம் பார்க்கும் வரிசையே மாறியது. இப்போது கையில் வாங்கியதும் பேட்ஜ் இருக்கும் பக்கத்தை என் வயிற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வேன். முதலில் காந்தம். பிறகு குரோமில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள் இருந்தால் அந்தப் புள்ளிக்குள் என்ன நிறம் என்று பார்ப்பேன். வெள்ளைப் பொடி என்றால் அலுமினியம், பழுப்புத் துரு என்றால் இரும்பு, பச்சைக் களிம்பு என்றால் பித்தளை. அலுமினியத்தின் மேல் குரோம் சரியாகப் பிடிக்காது. பழைய சூப்ராஃபோனிக்குகளில் இந்தத் தழும்பு மிகச் சாதாரணம். மற்றவர்கள் குறை என்று விலை குறைத்துக் கேட்பார்கள், எனக்கு அது அடையாளச் சீட்டு.

அப்புறம் துளைகள். தோலை இறுக்கும் திருகுக் கம்பிகள் (டென்ஷன் ராடு) மாட்டும் ஒவ்வொரு லக்கையும், ஸ்னேர் கம்பியை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னரையும் கவனியுங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் அடைத்த துளை இருந்தால் வேறு பாகம் இருந்த இடம் அது. உடலில் ஒருமுறை போட்ட துளையை இல்லாமல் செய்ய முடியாது. சேகரிப்பவர்களிடம் விலை விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்ட்ரெய்னர் தொலைந்த டிரம்மை, உடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான் பாதி விலைக்குக்கூட எடுப்பதில்லை. உடல் கிடைத்துவிடும், அதே காலத்து ஸ்ட்ரெய்னர் கிடைப்பது பெரும்பாடு.

தோலைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுச் சமையல் மேடை கிரானைட், நல்ல சமதளம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டிரம்மின் கீழ் ஓரத்தை மேடையில் கவிழ்த்து, உள்ளே டார்ச்சை எரிய விடுவேன். ஓரம் சமமாக இருந்தால் வெளிச்சம் வெளியே வராது. ஸ்னேர் கம்பி ஏறி இறங்கும் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய கீற்றாக வரும். அங்கே வேண்டுமென்றே லேசாகப் பள்ளம் எடுத்திருப்பார்கள். அந்த இரண்டு கீற்றும் எதிரெதிராக இல்லாவிட்டால், அல்லது கீற்றே இல்லாவிட்டால், அது கம்பி இல்லாத டாம் டிரம்மை அறுத்து ஸ்னேராக்கியதாக இருக்கலாம். மர டிரம்மில் இந்தச் சோதனையை விடவே கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் பத்து வருடம் கிடந்த மரம் வட்டமாகவே இருக்கும் என்று நம்ப முடியாது. குறுக்கும் நெடுக்குமாக நாலு இடத்தில் டேப் வைத்து விட்டம் அளந்துவிடுவது நல்லது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டிரம்மைத் திருப்பி பேட்ஜைப் பார்ப்பேன். உடல் சொன்னதும் பேட்ஜ் சொல்வதும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால் உடல் சொல்வதுதான் உண்மை.

பழையது என்பதாலேயே அரியது ஆகிவிடாது. இதை இளம் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்மில் லுட்விக் பெயரைப் பார்த்த பிறகு அந்த டிரம்களுக்கு அடிதடி. சிகாகோ தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. அந்தக் காலத்து லுட்விக் உலகமெங்கும் ஏராளமாக இருக்கிறது. நல்ல டிரம்தான், ஆனால் அரிதல்ல. அதே லுட்விக்கின் 1920களின் பிளாக் பியூட்டி வேறு கதை. பித்தளை உடலில் கருப்பு நிக்கல் பூசி, அதைக் கையால் செதுக்கிப் பூவேலை செய்திருப்பார்கள். விலை அதிகம் என்பதால் சாதாரணப் பித்தளை டிரம்மில் புதிதாகச் செதுக்கி விற்பவர்களும் உண்டு. இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான ஸ்லிங்கர்லேண்டின் ரேடியோ கிங்கும் அப்படி வேறு கதைதான். 1930களில் ஜாஸ் டிரம்மர் ஜீன் குருப்பா வாசித்துப் புகழ்பெற்றது. அதன் பெருமையே ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் வளைத்து வட்டமாக்கிய உடல். உள்ளே பார்த்தால் பலகையின் இரண்டு நுனியும் சாய்வாகச் சேரும் ஒரே ஒரு இடம் தெரியும். ஓரத்தில் ஒட்டுப்பலகை மாதிரி அடுக்குகள் தெரிந்தால், தோலை அழுத்திப் பிடிக்கும் ரிம்மில் எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் நீங்கள் தேடும் பொருள் அதுவல்ல. இந்த இரண்டில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ரேடியோ கிங்கை ஒரு தடவை சென்னையில் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சரி, மதுரைப் பக்கம் இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். எனக்கு இவ்வளவு வருடத்தில் புரிந்தது, இங்கே டிரம்கள் மூன்று வழியாக வந்து சேர்ந்திருக்கின்றன என்பது. ரயில்வே காலனி, பொன்மலை மாதிரி இடங்களில் கிடைப்பவை பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு. கொடைக்கானலிலிருந்து இறங்குபவை அமெரிக்கச் சரக்கு. அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தது 1834-ல். கொடைக்கானலில் மலை வாசம் தொடங்கியதும் அவர்கள்தான், 1845-ல். 1901-ல் அங்கே தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். ஊர் திரும்பும்போது கனமான சாமான்களை இங்கேயே விட்டுப் போவார்கள். மூன்றாவது வழி வளைகுடா. 1980களில் வேலைக்குப் போன நம் ஆட்கள் கொண்டுவந்த ஜப்பானியப் பேர்ல், டாமா, யமஹா. இவை இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டால், எந்த நாட்டு டிரம்மை எதிர்பார்த்துப் போகலாம் என்று ஓரளவு பிடிபடும்.

கொடைக்கானல் வழியில் வந்ததைப் பற்றி ஒன்று. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் பழைய டிரம் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். சாம்பல் நிறத்தில் மங்கலாக, பார்க்க அலுமினியக் குண்டான் மாதிரி இருந்தது. காந்தம் ஒட்டவில்லை, இணைப்புக் கோடு இல்லை, எட்டு லக். திருப்பிப் பார்த்தால் லுட்விக் அக்ரோலைட். சூப்ராஃபோனிக்கின் அதே அலுமினிய உடல்தான், குரோம் மட்டும் கிடையாது, பத்து லக்குக்குப் பதில் எட்டு. பள்ளி மாணவர்களுக்கென்று மலிவாகச் செய்தது. குரோம் இல்லாததால் உரிந்து போகவும் எதுவும் இல்லை. போதகர் ஐயா, "ஒரு ஆயிரம் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க தம்பி, இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு" என்றார். எனக்கு அந்த விலைக்கு எடுக்க மனம் வரவில்லை. இது என்ன டிரம், இன்றைக்கு என்ன விலை போகும் என்று அவரிடமே சொன்னேன். சபையில் கலந்து பேசி, விற்கவில்லை என்று முடிவு செய்தார்கள். நான் புதுத் தோலும் ஸ்னேர் கம்பியும் போட்டுக் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் அதில் வாசிக்கிறாள். மிக நன்றாக வாசிக்கிறாள்.

ரயில்வே காலனி டிரம்முக்கு வருகிறேன்.

அந்த அம்மா விலை எதுவும் கேட்கவில்லை. நான்தான் 12,000 கொடுத்தேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "நான் ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவை இதுல அடிச்சுக் காட்டணும்ப்பா." கையில் மூன்று மாதம் இருந்தது.

பேட்ஜ் இல்லாததால் மற்றதை வைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. உடல் மெல்லிய ஒட்டுப்பலகை, மேலும் கீழும் உட்புறம் தடித்த மர வளையம். ரிம் வளைத்த தகடு அல்ல, வார்ப்பு. பேட்ஜ் இருந்த இடத்தைச் சுற்றி உறை மஞ்சளாகியிருந்தது, பேட்ஜுக்கு அடியில் இருந்த இடம் மட்டும் முதல் நாள் வெள்ளையாகவே இருந்தது. அந்த வெள்ளைத் திட்டின் விளிம்பை டிரேசிங் பேப்பரில் வரைந்து வைத்துக்கொண்டேன். துடைத்திருந்தால் அதுவும் மங்கியிருக்கும்.

பாதி விடையைச் சொன்னது தெற்குவாசல் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். பத்து டென்ஷன் ராடில் மூன்று காணோம். என்னிடம் இருந்த அமெரிக்க ராடைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சுற்று சுலபமாகப் போனது, பிறகு இறுகியது. ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். அதற்குள் அண்ணன் என் கையைப் பிடித்துவிட்டார். "விடு தம்பி, இது புரியே வேற." அளந்து காட்டினார். இரண்டுமே அங்குலத்துக்கு 24 புரி. பருமனில் மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் அமெரிக்கப் புரி 60 டிகிரி கோணம், இது 55. பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் புரி, 7/32 அங்குலம். அழுத்தித் திருகியிருந்தால் அறுபது வருடப் பழைய லக்கின் புரி மழுங்கிப் போயிருக்கும். மூன்று ராடையும் அவரே கடைந்து கொடுத்தார். பழைய ஏழோடு கலந்துவிடக் கூடாது என்று புதிதின் தலைகளில் சிறிய புள்ளி வைக்கச் சொன்னேன். எது அசல், எது மதுரையில் செய்தது என்று பின்னால் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்.

விட்வொர்த் புரி, வார்ப்பு ரிம், உள் வளையம், வெள்ளைத் திட்டின் வடிவம் எல்லாவற்றையும் பழைய விலைப்பட்டியல் படங்களோடு ஒப்பிட்டபோது பிரீமியர் என்று உறுதியானது. 1922-ல் லண்டனில் தொடங்கி, இரண்டாம் உலகப்போரில் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்த பிறகு லெஸ்டருக்கு மாறிய கம்பெனி. பழைய பிரீமியர் வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1960களின் பிற்பகுதி வரை அவர்களுடைய சில டிரம்களின் அளவு இன்றைய அளவிலிருந்து இம்மி வித்தியாசப்படும். புதுப் பிளாஸ்டிக் தோல் உட்காராது. பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தோலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இதற்கு எனக்குப் பிளாஸ்டிக் போட மனமில்லை. பிளாஸ்டிக் தோல்கள் சந்தைக்குப் பரவலாக வந்ததே 1957-க்குப் பிறகுதான், இதில் கிழிந்து தொங்கியது கன்றுத்தோல். தவில், மிருதங்கம் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் எடுத்துப் போனேன். ஸ்னேர் டிரம்மை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. பழைய தோலை வளையத்திலிருந்து பிரித்து, எப்படி மடித்துச் சொருகியிருக்கிறார்கள் என்று கால் மணி நேரம் பார்த்தார். பிறகு புதுத் தோலை ஊற வைத்து அதே மாதிரி சொருகி, ஈரத்தோடு டிரம்மில் ஏற்றி, லேசாக மட்டும் இறுக்கினார். "இப்ப இழுத்தா காஞ்சதும் வெடிக்கும். நெழல்ல ரெண்டு நாள் கெடக்கட்டும்." கீழ்ப்பக்கத் தோல் கண்ணாடி மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி பேசாது. அதற்கு வெள்ளாட்டுக் குட்டித் தோலைச் சீவி எடுத்துக் கொடுத்தார்.

தோல் போடுவதற்கு முன்னால், காலி உடலை மொட்டை மாடியில் வைத்து உட்புறத்தைப் படம் எடுத்தேன். ஸ்ட்ரெய்னருக்குப் பின்னால் ஏதோ அழுக்குக் கோடு மாதிரி தெரிந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் எழுத்து, ஆங்கிலத்தில், சாய்வான கையெழுத்து. இன்ஸ்டிட்யூட், மதுரா, 24 டிசம்பர் 1956. அதன் கீழே இன்னும் சின்னதாக, புதுக் கம்பி போட்டது என்று ஒரு வரி.

டிசம்பர் மூன்றாவது வாரம் டிரம்மைக் கொண்டுபோனேன். வீட்டில் நாற்காலிகூட இல்லை, கட்டிய பெட்டி ஒன்றின் மேல் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பிரஷ் குச்சியால் மெதுவாக ஒரு வால்ட்ஸ் வாசித்தேன். கன்றுத்தோலில் பிரஷ் உரசும் சத்தம் பிளாஸ்டிக்கில் வராது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடித்த பிறகு போனில் அந்தப் பென்சில் எழுத்தின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "அப்பா கையெழுத்துதான்" என்றார். "அந்த கிறிஸ்துமஸுக்கு எனக்கு அஞ்சு வயசு."

படத்தைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் போட்டு, அவர் கிளம்பும் முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.